மல்லாட்டைக்கும் ஒரு டெண்டர் போடுங்கள்

தமிழ்நாடு அரசின் உணவுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலர் அவர்களுக்கும், நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

ரேஷன் கடையில் மாதம் ஒரு லிட்டர், 25 ரூபாய்க்கு நீங்கள் தரும் பாமாயிலைப் பற்றி எழுதுகிறேன். அதை நிறுத்தச் சொல்லி அல்ல. நிறுத்தினால் முதலில் திண்டாடப்போவது எங்கள் தெருதான். அந்த பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இந்த மண்ணில் விளைந்த எண்ணெய் ஒன்றையும் வையுங்கள், எது வேண்டும் என்பதை அட்டைதாரர் முடிவு செய்யட்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் திருவண்ணாமலை மாவட்டம் சேத்துப்பட்டுப் பக்கத்துக்காரி. மானாவாரியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போடும் குடும்பம். குடும்ப அட்டையில் தலைவி என்று என் படம்தான் இருக்கிறது. என் வீட்டு வாணலியில் கொதிப்பது பாமாயில்.

இதில் எங்கள் வீடு ஒன்றும் விதிவிலக்கு இல்லை. ஆடிப் பட்டத்தில் விதைத்தது ஐப்பசியில் பிடுங்கும்போது ஊரே மல்லாட்டை வாசம்தான். கொடியைக் குவித்து, சுற்றி உட்கார்ந்து, பெண்கள் காய் ஆய்வோம். மண் நகக்கண்ணில் ஏறி நாலு நாளைக்குப் போகாது. அந்தக் கையோடு சாயங்காலம் வீட்டுக்குப் போய் அடுப்பு பற்றவைத்தால், தாளிக்க எடுப்பது இந்தோனேசியாவிலோ மலேசியாவிலோ பிழிந்த எண்ணெய். காரணம் ரொம்ப எளிது. விதைக்குக் கடன், உழவு டிராக்டருக்குக் கடன், ஜிப்சத்துக்குக் கடன், காட்டுப்பன்றிக்குக் காவல் கிடந்தவருக்குக் கூலி. காய் காய்ந்தும் காயாமலும் மூட்டை கட்டி ஏலத்துக்குப் போகிறது. என் மாமியார் காலத்தில் வீட்டுச் செலவுக்கென்று சில மூட்டை ஒதுக்கி, உடைத்து, செக்குக்கு அனுப்பி, தகர டின்னில் எண்ணெயும் சாக்கில் பிண்ணாக்குமாக வண்டியில் வரும். இப்போது விதைக்கு எடுத்து வைப்பதே பெரிய பாடு.

கடையில் செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் (மல்லாட்டை எண்ணெய்) லிட்டர் 200 ரூபாய்க்கு மேல். ரேஷனில் பாமாயில் 25. இந்தக் கணக்கு எந்த வீட்டிலும் ஒரே விடையைத்தான் தரும். மாதத் தொடக்கத்தில் எங்கள் கடை வாசலில் நின்று பாருங்கள். அரிசியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அது எப்படியும் இருக்கும் என்று தெரியும். "பருப்பு, பாமாயில் வந்துடுச்சா?" என்பதுதான் கேள்வி. "பருப்பு வந்துடுச்சு, எண்ணெய் நாளைக்கு" என்றால் கைரேகையை வைக்காமலே பாதிப்பேர் திரும்பிவிடுவார்கள். மார்கழி மாதக் காலையில் வாங்கினால் பாக்கெட்டின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். வெயிலில் வைத்தால் தெளிந்துவிடும். அதைப் பார்த்துக் "கலப்படம்" என்று சண்டை போடுகிறவர்களுக்கு விற்பனையாளர் பாடம் எடுத்தே ஓய்ந்துபோவார். 2024 மே மாதம் பருப்பும் பாமாயிலும் கடைகளுக்குச் சரியாக வராமல், ஜூனில் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவிக்க வேண்டிவந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பாக்கெட் எண்ணெய்க்கு எவ்வளவு வீடுகள் காத்திருக்கின்றன என்பதை அந்த மாதம் நீங்களும் பார்த்தீர்கள்.

ஆகவே பாமாயில் ஏழையின் எண்ணெய் என்பதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை. அது விஷம், நஞ்சு, சாப்பிட்டால் இதயம் நின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நான் நம்புவதும் இல்லை. நிறை கொழுப்பு அதிகம் என்பது உண்மை. தேங்காயெண்ணெயில் அதைவிட மிக அதிகம் என்பதும் உண்மை. உடல்நலத்தை வைத்து இந்த வழக்கை நடத்தினால் நம் பக்கத்துச் சாட்சியே கவிழ்த்துவிடும். என் வழக்கு வேறு.

2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் எடுக்கும் நாடு அது. அந்த நாட்டிலேயே சமையல் எண்ணெய் கிடைக்காமல், விலை ஏறி, ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். தன் மக்களின் அடுப்பைக் காப்பாற்ற அந்த அரசு துறைமுகத்தைச் சாத்தியது. மே 23-இல் மறுபடி திறந்தது. ஒரு மாதம்கூட இல்லை, அதற்குள் இங்கே மளிகைக் கடையில் என்ன நடந்தது என்று நாங்கள் பார்த்தோம். உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெயும் அப்போது வரவில்லை. இந்தோனேசியா செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் அரசு முதலில் பார்க்க வேண்டியது தன் ஊர் அடுப்பை. அந்தப் புத்தி நமக்கு ஏன் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அதற்கு முன், 2020 ஜனவரியில், கதவைச் சாத்தியது நம் பக்கம். சுத்திகரித்த பாமாயில் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியது. காஷ்மீரைப் பற்றி மலேசியப் பிரதமர் மகாதீர் ஐ.நா.வில் பேசியதற்குப் பதிலடி அது என்றுதான் எல்லோரும் புரிந்துகொண்டார்கள். யாரோ எங்கோ மேடையில் பேசுவதும், யாரோ எங்கோ குண்டு போடுவதும் சேத்துப்பட்டுச் சந்தையில் எண்ணெய் விலையைத் தீர்மானிக்கிறது.

மலேசியா என்றதும் ஒன்று. எங்கள் வடாற்காட்டுப் பக்கத்திலிருந்தும் வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறி ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்கள் உண்டு. பிறகு பல தோட்டங்களில் ரப்பரை வெட்டிவிட்டுப் பாமாயில் தரும் செம்பனை வைத்தார்கள். பேரப்பிள்ளைகள் அந்தக் குலையையும் சுமந்தார்கள். தோட்டங்கள் கைமாறி, துண்டு துண்டாகி, லயம் என்ற தோட்டக் குடியிருப்பிலிருந்து வெளியே வந்து நின்ற குடும்பங்களின் கதை அங்குள்ள தமிழர் எல்லோருக்கும் தெரியும். இப்போது குலை வெட்டுவது பெரும்பாலும் இந்தோனேசிய, வங்கதேசத் தொழிலாளிகள். மலிவு விலை எண்ணெய் எப்படி மலிவாகிறது என்பதில் அவர்களுடைய கூலிக்கும் பங்குண்டு. முழுக் காரணம் அதுவல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஒரு ஹெக்டேர் செம்பனை மூன்று, நான்கு டன் எண்ணெய் தரும். மல்லாட்டை ஒரு டன் தந்தால் பெரிது. இந்தப் பந்தயத்தில் விலையை மட்டும் வைத்து ஓடினால் மல்லாட்டை என்றைக்கும் ஜெயிக்காது.

"அப்படியானால் செம்பனையை இங்கேயே வையுங்களேன்" என்று 2021-இல் மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் திட்டம் போட்டது. கோடையில் ஒரு மரத்துக்கு நாளுக்கு 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் கேட்கும் பயிர் அது. எங்கள் மேட்டு நிலத்தில் 200 லிட்டரை யார் தருவது? குலை வெட்டினால் ஓரிரு நாளுக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும், இல்லையென்றால் கெட்டுவிடும். பகுதிக்கு ஓர் ஆலை. வேறு ஆளிடம் கொண்டுபோய் விற்க வழியில்லை. மல்லாட்டையை நான் காயவைத்து, விலை பிடிக்கவில்லையென்றால் திண்ணையில் ஒரு மாதம் அடுக்கி வைக்கலாம்.

நாம் எப்போதுமே இப்படி வெளியூர் எண்ணெயை நம்பியே இருந்துவிடவில்லை. 1986-இல் எண்ணெய் வித்துக்கான தொழில்நுட்ப இயக்கம் தொடங்கினார்கள். பத்தே வருடத்தில் நாட்டின் எண்ணெய் வித்து உற்பத்தி ஏறத்தாழ இரண்டு மடங்கானது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாம் தின்ற எண்ணெயில் இறக்குமதி கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். பிறகு 1994-இல் பாமாயிலை யார் வேண்டுமானாலும் இறக்குமதி செய்யலாம் என்று திறந்துவிட்டார்கள். அப்போது வரி 65 சதவீதம். அடுத்த ஆண்டே 30. 1998-இல் 15. இன்று நாடு தின்னும் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டன்னுக்கு மேல். உலக வர்த்தக அமைப்பு கையைக் கட்டிப்போட்டது என்று சிலர் சொல்வார்கள். சோயா எண்ணெய்க்கு அது சரி, 45 சதவீதத்துக்கு மேல் போக முடியாது. பாமாயிலுக்கு 300 சதவீதம் வரை வரி போட இந்தியாவுக்கு அனுமதி இருந்தது. கையை யாரும் கட்டவில்லை.

வரி டெல்லியின் விஷயம், நாங்கள் என்ன செய்ய என்பீர்கள். சரி. 2024 செப்டம்பரில் இறக்குமதியாகும் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கான மொத்த வரியை 5.5-இலிருந்து 27.5 சதவீதமாக ஏற்றினார்கள். விவசாயிக்கு நல்ல காலம் என்று பேப்பரில் போட்டார்கள். 2025 மே 30-ஆம் தேதி அதை 16.5-க்கு இறக்கினார்கள். நாங்கள் ஆடிப் பட்டத்துக்கு நிலத்தை உழுது மழை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அதை டெல்லியிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் பாமாயில் டெண்டர் சென்னையில் போடப்படுகிறது, அதில் கையெழுத்து உங்களுடையது.

அரிசிக்கு நீங்கள் இப்படியா செய்கிறீர்கள்? 2011 ஜூனிலிருந்து அரிசிக்குக் காசே வாங்குவதில்லை. அந்த அரிசிக்காக டெல்டாவில் களத்துக்குப் பக்கத்திலேயே நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறக்கிறீர்கள். ஈரப்பதத் தகராறு, மூட்டைக்கு மூட்டை கை நீட்டல், மழையில் நனைந்த குவியல் என்று அதில் ஆயிரம் குறை உண்டு. இருந்தாலும் தஞ்சாவூர்க்காரருக்கு விதைக்கும்போதே ஒரு விலை தெரியும். வாங்க ஓர் ஆள் உண்டு என்றும் தெரியும். சாப்பிடுகிறவரும் விளைவிக்கிறவரும் ஒரே திட்டத்துக்குள் இருக்கிறார்கள். எண்ணெய்க்கு வரும்போது மட்டும் சாப்பிடுகிறவர் இங்கே, விளைவிக்கிறவர் கடல் தாண்டி. எங்களுக்கு மல்லாட்டைக் கொள்முதல் நிலையம் என்று ஒன்று கிடையாது. மத்திய அரசு 2025-26-க்கு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். வாங்க ஆள் இல்லாத ஆதார விலையை நாங்கள் பேப்பரில் படித்துக்கொள்கிறோம்.

இதற்கு உங்கள் துறையிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2023 மே மாதம் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினீர்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, வேண்டியவர் வாங்கினார். அதற்காகக் கேழ்வரகை விவசாயியிடம் நேரடியாக வாங்கினீர்கள். குஜராத் அரசு கிருஷ்ண ஜெயந்திக்கும் தீபாவளிக்கும் ரேஷன் அட்டைக்கு ஒரு லிட்டர் கடலெண்ணெய் 100 ரூபாய்க்குக் கொடுக்கிறது. கேரளத்தின் சப்ளைகோ மானிய விலையில் தேங்காயெண்ணெய் விற்கிறது. வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை.

செலவைப் பற்றி நேராகவே பேசுவோம், உங்கள் நிதித்துறை முதலில் கேட்பது அதைத்தானே. 100 கிலோ காய் உடைத்தால் 70 கிலோ பருப்பு. செக்கிலோ எக்ஸ்பெல்லரிலோ ஆட்டினால் 31 லிட்டரை ஒட்டி எண்ணெய், 40 கிலோ பிண்ணாக்கு. காய்க்கு ஆதார விலை கொடுத்து, பிண்ணாக்கை விற்ற காசைக் கழித்து, ஆட்டுகூலி, பாக்கெட், வண்டி எல்லாம் சேர்த்தால் லிட்டர் 200 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. இது என் கணக்கு. உங்கள் அதிகாரிகள் பத்து ரூபாய் அப்படி இப்படிச் சொல்லலாம். அப்படியானால் அரை லிட்டர் 100 ரூபாய்க்குச் சற்று மேலே. பாமாயில் ஒரு லிட்டரை டெண்டரில் வாங்கவும் ஏறத்தாழ அதே பணம்தான் உங்களுக்கு ஆகிறது. விலை ஏறிய ஆண்டுகளில் அதைவிடக் கூட.

அதனால் நான் கேட்பது இது. அட்டைதாரருக்கு இரண்டில் ஒன்று: ஒரு லிட்டர் பாமாயில், அல்லது அரை லிட்டர் கடலெண்ணெய். இரண்டுக்கும் 25 ரூபாய். அரசுக்குப் பெரிய கூடுதல் சுமை வராது. ஆறு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு லிட்டர்தான் வேண்டும், அவர்கள் பாமாயிலே வாங்கட்டும். தனியாக இருக்கும் கிழவிக்கு அரை லிட்டர் போதும், அதுவும் மணமாக. எங்கள் ஊரில் பாமாயில் பாக்கெட்டை வாங்கி அப்படியே பஜ்ஜிக் கடைக்கு விற்றுவிடுகிறவர்களும் உண்டு, உங்களுக்குத் தெரியாதது அல்ல. அவர்களில் பலர் கடலெண்ணெய் என்றால் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

மாநிலம் முழுக்க ஒரே நாளில் வேண்டவே வேண்டாம். அட்டை இரண்டு கோடிக்கு மேல். பாமாயிலுக்குப் பதிலாக அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் கடலெண்ணெய் என்றால் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் எண்ணெய். தமிழ்நாட்டில் விளையும் மல்லாட்டையில் பெரும்பகுதியை ஆட்டினால்தான் அவ்வளவு வரும். அப்புறம் வறுகடலைக்கும் விதைக்கும் எங்கே போவது? இலங்கையைப் பாருங்கள். 2021-இல் பாமாயில் இறக்குமதிக்குத் தடை என்றார்கள், கொஞ்ச நாளில் பின்வாங்கினார்கள். அதே ஆண்டு ரசாயன உரத்தை ஒரே அடியாக நிறுத்தினார்கள், நெல் விளைச்சல் சரிந்தது, நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் விவசாயி ஒரு போகத்தைப் பறிகொடுத்துவிட்டார். சொந்த மண்ணின் சாப்பாடு என்ற நல்ல பேரை வைத்துக்கொண்டே ஜனங்களைப் பட்டினி போட முடியும் என்பதற்கு அது பக்கத்து வீட்டு உதாரணம்.

எனவே முதலில் மல்லாட்டை விளையும் மாவட்டங்கள்: திருவண்ணாமலை, விழுப்புரம், நாமக்கல், புதுக்கோட்டை. கன்னியாகுமரியில் காலங்காலமாகத் தேங்காயெண்ணெயில்தான் சமையல், அங்கே அது. பொள்ளாச்சி, காங்கேயம், பேராவூரணி விவசாயிகள் தேங்காயெண்ணெயை ரேஷனில் கொடுங்கள் என்று வருடக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். கொப்பரை விலை விழுந்த ஆண்டுகளில் தேசியக் கூட்டுறவு விற்பனை இணையமான நாஃபெட் அதை வாங்கிக் கிடங்கில் அடுக்கும், பிறகு ஏலம் விடும், ஏலம் விட்டால் சந்தையில் விலை மறுபடி விழும். வாங்கியதை ஆட்டிக் கடையில் வைத்திருந்தால் அந்தச் சுற்றே இல்லை. 2025-இல் தேங்காய் விலை எகிறியதால் அப்போது அந்தக் குரல் அடங்கியிருக்கலாம். அடுத்த சரிவில் மறுபடி உங்கள் வாசலுக்கு வருவார்கள்.

டெண்டர் நிபந்தனையையும் மாற்றியாக வேண்டும். மாநிலத்துக்கே கோடிக்கணக்கான பாக்கெட்டை மொத்தமாகக் கேட்டால், துறைமுகத்தில் டேங்க் வைத்திருப்பவர்தான் உள்ளே வர முடியும். எங்கள் கூட்டுறவு விற்பனைச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ அந்தப் படிவத்தைக்கூட நிரப்ப முடியாது. வட்டத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கேளுங்கள். ஒரு வட்டத்துக்கு வேண்டிய எண்ணெயை அந்த வட்டத்துக் காயிலிருந்து ஆட்ட எக்ஸ்பெல்லர்கள் இருக்கின்றன, பல பாதி நாள் சும்மா கிடக்கின்றன. ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: பூசணம் பிடித்த காயில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வரும். சரியாகக் காயாத காயை வாங்கக்கூடாது, ஆட்டிய எண்ணெயைச் சோதிக்காமல் பாக்கெட் போடக்கூடாது. எங்கள் ஆட்கள் இதற்கு முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

உணவு இறையாண்மை என்று 1996-இல் ரோம் உலக உணவு மாநாட்டின்போது லா வியா கம்பெசினா என்ற உலக விவசாயிகள் அமைப்பு பேசியது. என்ன விளைவிப்பது, என்ன சாப்பிடுவது என்பதை அந்தந்த மக்களே முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். கருத்தரங்குகளில் நிறையப் பேசப்பட்டுவிட்டது, நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்தது ரேஷன் கடை. அந்தக் கவுன்ட்டரில் இரண்டு பாக்கெட் இருந்தால் முடிவு செய்வது நான். ஒன்றே ஒன்று இருந்தால் முடிவு ஏற்கெனவே எங்கோ செய்யப்பட்டாயிற்று.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அறிவிப்பு ஐப்பசியில் வந்து பயனில்லை, அப்போது காய் வியாபாரியிடம் போயிருக்கும். வைகாசி முடிவதற்குள், என்ன விலைக்கு, எந்த ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில், எவ்வளவு வாங்குவீர்கள் என்று சொல்லுங்கள். கொள்முதல் பணம் வாரத்துக்குள் கணக்கில் ஏறும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், வியாபாரி கையில் காசு கொடுக்கிறார் என்பதால்தான் பலர் அவரிடம் போகிறோம். ஆடியில் விதைத்தால் 110 நாளில் பிடுங்கிவிடலாம். காயவைத்து, உடைத்து, ஆட்டி, சோதித்து, பாக்கெட் போட்டுப் பொங்கல் தொகுப்போடு முதல் அரை லிட்டரைக் கொடுத்துவிட முடியும்.

இப்படிக்கு,
சேத்துப்பட்டு வட்டாரத்து மல்லாட்டை விவசாயி ஒருத்தி,
அரிசி அட்டைதாரர்